முதல் பரிசு பெற்ற பூட்டு

எங்கள் செந்தூர நகரில் அறுபத்து நான்கு வீடுகள். கட்டிக் கொடுத்தது செந்தூர நகர் கூட்டுறவு வீடு கட்டும் சங்கம். கூரை ஒழுகினாலும் சுவர் வெடித்தாலும் அது நம் பாடு. வாசல் கதவில் தொங்குகிற பூட்டு மட்டும் சங்கத்தின் பாடு. கடைசித் தவணை கட்டித் தீரும்வரை வீடு சங்கத்துடையது. வீடு சங்கத்துடையது என்பதற்கு அடையாளம் பூட்டு. ஆகவே பூட்டின்மேல் கைவைப்பது சங்கத்தின்மேல் கைவைப்பது. சாவி கொடுத்த அன்றைக்கே செயலாளர் அர்த்தநாரி மேடை போட்டு இதை விளக்கினார். சித்திரை மாத வெயில். விளங்குவதற்குள் இரண்டு பேர் மயங்கி விழுந்துவிட்டார்கள்.

பூட்டு பித்தளை. முகத்தில் சங்க முத்திரை, முதுகில் வீட்டு எண். பார்ப்பதற்கு லட்சணம்தான். அதைச் சுற்றி மூன்று சட்டங்கள். வேறு பூட்டு மாட்டினால் ஒதுக்கீடு ரத்து. பூட்டாமல் ஓர் இரவு வெளியே தங்கினால் வீடு கைவிடப்பட்டதாகக் கருதி சீல் வைக்கப்படும். வேறு ஆளைக் காவலுக்குப் படுக்க வைத்தால் அது உள்வாடகை; அதற்கும் ரத்து. கடைசி வரிசை அம்மாசி, மாமியார் சாவுக்குப் போன இடத்தில் ஒரு ராத்திரி தங்கிவிட்டார். பூட்டை அமுக்கியதாகத்தான் நினைத்திருக்கிறார், அது பிடிக்கவில்லை. தன் வீட்டுக்குள் திரும்பப் போவதற்கு நான்கு மாதம் அலைந்தார். "துக்க நிகழ்ச்சிகள் ஏழு நாட்களுக்கு முன்பாக எழுத்து மூலம் தெரிவிக்கப்பட வேண்டும்" என்று அவருக்கு ஒரு கடிதம் வந்தது. அவருக்கு எழுத்துக் கூட்டத் தெரியாது. நான்தான் படித்துச் சொன்னேன். இரண்டு முறை படித்தேன், எனக்கே நம்பிக்கை வரவில்லை.

எண்பத்து மூன்றாம் வருஷம் ஆடி மாதத்தில் எதிர்வீட்டு சௌந்திரத்துக்கு இந்தப் பூட்டால் வந்த வினையைத்தான் சொல்ல வந்தேன்.

சௌந்திரத்தின் புருஷன் கந்தன் ஆழ்துளைக் கிணறு போடும் போர் வண்டியில் ஆந்திராவுக்குப் போனவன். வருஷத்துக்கு இரண்டு தடவை வீட்டைப் பார்த்தால் அதிகம். இவள் தறிக்காரர் ஒருவருக்குத் தார்க்குச்சியில் நூல் சுற்றிக் கொடுத்துக்கொண்டிருந்தாள். எப்போதும் வீட்டில் இரண்டு மூட்டை நூல் கிடக்கும், அவருடைய நூல். ஒரே மகள் ராசாத்தியை வாழப்பாடியில் கொடுத்திருந்தாள். ராசாத்திக்குத் தலைப்பிரசவம். ஏழாம் மாதமே அழைத்து வந்திருக்க வேண்டும். மாப்பிள்ளை வீட்டில் மஞ்சள் காட்டு வேலை என்று தள்ளிப் போட்டார்கள். ஒன்பதாம் மாதமும் தொடங்கிவிட்டது. போய்ப் பெண்ணை அழைத்து வர வேண்டும். ஒறம்பரையாக, விருந்தாளியாகப் போகிறவள் அன்றைக்கே திரும்பிவிட முடியாது. ஒரு ராத்திரி தங்கி, நல்ல நேரம் பார்த்துத்தான் பெண்ணைக் கூட்டிக் கிளம்ப வேண்டும். ஒரு ராத்திரி தங்க வேண்டுமென்றால் வீட்டைப் பூட்ட வேண்டும். அவள் வீட்டு முப்பத்தொன்பதாம் நம்பர் பூட்டோ பூட்டவில்லை; தப்பித்தவறிப் பிடித்தாலும் விடியும்வரை நிற்காது.

சங்க ஆபீசுக்குத் துணைக்கு நானும் போனேன். துணைக்கு என்று யாரும் கூப்பிடவில்லை.

"சொல்லுங்க அம்மிணி, பூட்டுல என்ன கோளாறு?" என்றார் அர்த்தநாரி.

"பத்து அமுக்கு அமுக்குனா ஒருக்காத்தானுங்க புடிக்குது. அப்படிப் புடிச்சுதுன்னா அரை நாளைக்குத் தெறக்கறதில்லீங்க."

"அப்ப ரெண்டு கோளாறு. பூட்டாத கோளாறுக்கு வெள்ளைப் படிவம், தெறக்காத கோளாறுக்கு மஞ்சப் படிவம். ரெண்டையும் ஒரே பூட்டுக்கு ஒரே நாள்ல குடுக்கக் கூடாது. ஒண்ணுக்கொண்ணு முரணாப் போயிருமில்ல?"

"படிவம் எதுக்குங்க? வேற பூட்டு ஒண்ணு மாத்திக் குடுத்தீங்கன்னா நான் பாட்டுக்கு வாழப்பாடி போய்ட்டு வந்திருவேன்."

அர்த்தநாரி நாற்காலியில் சாய்ந்துகொண்டார். பொறுமைசாலி. விவரம் தெரியாதவர்களிடம் அவர் கோபித்துக்கொள்வதே இல்லை.

"அம்மிணி, இந்த ஆறு வருசத்துல ஒரு பூட்டு மாத்தியிருக்கறமா? இல்ல. அதனால நம்ம பூட்டு அத்தனையும் நல்ல பூட்டுன்னு வருசா வருசம் அறிக்கை அனுப்பறோம். இப்ப உங்களுக்கு ஒண்ணு மாத்துனா ஆறு வருச அறிக்கையும் பொய்யாயிரும். ஒரு பூட்டுக்காக ஆறு அறிக்கையப் பலி குடுக்கச் சொல்றீங்களா?"

"புள்ளைக்கு மாசம் ஆயிருச்சுங்க. பூட்டில்லாம ஊட்டை உட்டுப்போட்டு எப்படீங்க போறது?"

"போகாதீங்க. நீங்க போகாம இருக்கற வரைக்கும் ஊடு பத்திரமாத்தானே இருக்குது?"

வெளியே வந்ததும், "நான் வேண்ணா ஒரு ராத்திரி உன் ஊட்டுல படுத்துக்கறேன்" என்றேன். "வேண்டாம் பாவாயக்கா. உள்வாடகைன்னு எழுதிருவாங்க. அதுவுமில்லாம, நீங்க படுத்தா என் ஊட்டுல என்னென்ன இருக்குதுன்னு விடியறதுக்குள்ள குமாரபாளையம் பாலம் வரைக்கும் தெரிஞ்சு போயிரும்" என்றாள். கஷ்டத்தில் இருப்பவள் பேச்சைப் பெரிதுபடுத்தக் கூடாது. நான் பெரிதுபடுத்தவில்லை. பாலம் வரைக்கும் என்பது மட்டும் கொஞ்சம் அதிகம்.

வெள்ளைப் படிவம் கொடுத்துப் பதினெட்டாம் நாள் பராமரிப்பு மேற்பார்வையாளர் செல்லமுத்து வந்தார். அக்குளில் பதிவேடு, கையில் எண்ணெய்க் குப்பி. எண்ணெயை விட்டுப் பார்க்கலாமே என்றதற்கு, "எண்ணெய் உட்டா பூட்டோட இயற்கையான நெலமை மாறிரும். அப்பறம் நான் எதைச் சோதிக்கறது?" என்றார். குப்பி எதற்கு என்று கேட்டேன். ஆய்வுக்குப் போகும்போது குப்பி எடுத்துப் போக வேண்டும் என்பது விதியாம்.

சௌந்திரத்தை வீட்டுக்குள் போகச் சொன்னார். கதவைச் சாத்தி, நாதாங்கியில் பூட்டை மாட்டி, கண்ணை மூடி ஒரு நிமிஷம் நின்று, அமுக்கினார்.

'டக்'கென்று பிடித்துக்கொண்டது. முதல் அமுக்கிலேயே.

"உள்ளிருந்து தள்ளுங்க அம்மிணி!"

தள்ளினாள். கதவு அசையவில்லை. செல்லமுத்து பதிவேட்டை விரித்து, 'முப்பத்தொன்பதாம் எண் பூட்டு நல்ல நிலையில் உள்ளது' என்று எழுதி, தேதி போட்டு, ஊதி ஊதி மையை ஆற்றினார். பிறகு சாவியைப் போட்டுத் திருப்பினார். சாவி திரும்பவில்லை.

அப்போது காலை பதினொரு மணி. சங்கம் கட்டிய வீடுகளுக்குப் பின்கதவு கிடையாது. கக்கூஸ் தெருக்கோடியில், எட்டு வீட்டுக்கு ஒன்று. செல்லமுத்து ஆபீசுக்கு ஆள் அனுப்பி மாற்றுச் சாவியைக் கொண்டுவரச் சொன்னார். ஒரு பிஸ்கட் தகரத்தில் அறுபத்து நான்கு மாற்றுச் சாவிகளும் வந்தன. ஒன்றிலும் எண் இல்லை. ஆபீசுக்கு வெள்ளையடித்தபோது சாவிகள் அழுக்காக இருக்கின்றன என்று தேய்த்துக் கழுவிவிட்டார்களாம். தகரம் முழுவதையும் போட்டுப் பார்த்தாயிற்று. ஜன்னல் கம்பிக்கு அந்தப் பக்கம் சௌந்திரம் நின்றிருந்தாள். மதியத்துக்குமேல் அவளால் நிற்கவும் முடியவில்லை, உட்காரவும் முடியவில்லை.

"ஏனுங்க, இதையா நல்ல பூட்டுன்னு எழுதுனீங்க?" என்று கேட்டுவிட்டேன்.

"பூட்டு பூட்டியிருக்குதா இல்லியா? பூட்டறதுதானுங்களே அதோட வேலை. தெறக்கறது சாவியோட வேலை. சாவி வேற பிரிவு. அதுக்கு இன்னும் ஆள் போடல."

ஐந்து மணிக்குப் பூட்டு அதுவாகவே வாயைத் திறந்தது. சௌந்திரம் யாரையும் பார்க்காமல், சேலையைச் சேர்த்துப் பிடித்துக்கொண்டு தெருக்கோடிக்கு ஓடினாள். ஊரே பார்த்துக்கொண்டு நின்றது. அந்த ஆறு மணி நேரத்தில் உள்ளே அவள் பட்ட பாட்டை நான் எழுதப்போவதில்லை. ஊர்க்கதை நாயம் பேசுகிற வாய்க்கும் ஒரு அளவு உண்டு.

செல்லமுத்து அவள் திரும்பி வரும்வரை காத்திருந்து, 'ஆய்வு திருப்தியாக நடந்தது' என்ற இடத்தில் கையெழுத்து வாங்கிக்கொண்டு போனார்.

மஞ்சள் படிவத்தை ஆபீசில் வாங்க மறுத்துவிட்டார்கள். நல்ல நிலையில் உள்ள பூட்டுக்கு மஞ்சள் படிவம் கிடையாது.

இந்த நேரம் பார்த்து சங்கம் 'பூட்டு வாரம்' கொண்டாடியது. திங்கள் முதல் ஞாயிறு வரை. ஒவ்வொரு வீட்டிலும் பூட்டைப் புளி போட்டுத் துலக்கி, பொட்டு வைத்து, மாலையில் தெருவாசலில் நின்று தூக்கிக் காட்ட வேண்டும். கமிட்டி நடந்து வந்து மதிப்பெண் போடும். சிரிக்காதீர்கள். அறுபத்து நான்கு வீட்டிலும் துலக்கினோம். என் வீட்டிலும் துலக்கினேன். துலக்காவிட்டால் என்ன ஆகும் என்று யாருக்கும் தெரியாது. தெரிந்துகொள்ளவும் யாருக்கும் தைரியமில்லை. அந்த வாரம் கடையில் புளி கிடைக்காமல் என் வீட்டில் மூன்று நாள் ரசமே வைக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை விழா. ஒலிபெருக்கி, சீரியல் விளக்கு, தலைவர் சின்னுசாமியின் உரை.

"அன்பார்ந்த உறுப்பினர்களே! பூட்டு என்பது என்ன? நம்பிக்கை! பூட்டு சரியில்லை என்று ஒருவர் சொன்னால் என்ன அர்த்தம்? பக்கத்து வீட்டுக்காரன் திருடன் என்று அர்த்தம்! அண்டை அயலாரைச் சந்தேகப்படுகிறவருக்குச் சங்கம் எப்படிப் பூட்டு மாற்றித் தரும்? இந்தப் பூட்டுகளை வாங்குவதற்கு நானும் செயலாளரும் வடக்கே மூன்று மாநிலங்களுக்குக் குடும்பத்தோடு சென்று, பல கோயில்களையும் தரிசித்து, மிகுந்த சிரமப்பட்டோம். கடைசியில் நல்ல பூட்டுகள் கிடைக்கவில்லை. ஆனாலும் வெறுங்கையோடு திரும்பவில்லை!"

நாங்கள் கை தட்டினோம். தட்டிய பிறகுதான் எதற்குத் தட்டினோம் என்று யோசித்தோம்.

பிறகு முதல் பரிசு அறிவித்தார்கள். தேய்மானமே இல்லாமல், வாங்கிய அன்றைக்கு இருந்தது போலவே பளபளக்கிற பூட்டு: வீட்டு எண் முப்பத்தொன்பது. தேயாமல் என்ன செய்யும்? அது எங்கே பூட்டியது? மேடையில் ஒரு தாம்பாளத்தில் பூட்டை வைத்து, தலைவர் அதற்குப் பொன்னாடை போர்த்தினார். ஆமாம், பூட்டுக்குத்தான். சௌந்திரத்தின் கையில் சட்டம் போட்ட சான்றிதழ் ஒன்றைக் கொடுத்து, இரண்டு வார்த்தை பேசச் சொன்னார்கள்.

அவள் ஒலிபெருக்கி முன்னால் நின்று, "இது பூட்டறதே இல்லீங்க" என்றாள்.

பலத்த கைதட்டல். "எத்தனை அடக்கம் பாருங்கள்!" என்றார் தலைவர்.

மறுநாள் வாழப்பாடியிலிருந்து ஒரு போஸ்ட் கார்டு வந்தது. போஸ்ட் கார்டு என்பது எல்லோரும் படிப்பதற்குத்தானே. ராசாத்தியின் மாமியார் அத்தாயி எழுதச் சொல்லியிருந்தாள்: 'புதன்கிழமைக்குள் வந்து அழைத்துப் போகவும். வியாழன் பத்தாம் மாதம் பிறக்கிறது. அதற்குமேல் பெண்ணை பஸ்ஸில் ஏற்ற மாட்டோம். அவளும் தினம் வாசலையே பார்த்துக்கொண்டிருக்கிறாள்.'

சௌந்திரம் கார்டோடு ஆபீசுக்கு ஓடினாள். ஒரே ஒரு ராத்திரி பூட்டாமல் போய்வர அனுமதி கேட்டாள். அர்த்தநாரி கார்டை முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்துவிட்டு, "கமிட்டி இருபத்தெட்டாந் தேதி கூடுது. பிரசவத்தை அதுக்கப்பறம் வெச்சுக்கச் சொல்லுங்க" என்றார். கிண்டல் இல்லை. அவர் கிண்டல் செய்யத் தெரியாதவர்.

செவ்வாய்க்கிழமை விடிகாலையில் சௌந்திரம் தலைக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டு, ஈரச் சேலையோடு, பூட்டை எடுத்துக்கொண்டு வேலிக்கரை முனியப்பன் கோயிலுக்குப் போனாள். எங்கள் பக்கத்தில் அநியாயம் பட்டவர்கள் செய்கிற வேலை அது. முனியப்பன் முன்னால் ஒரு இரும்புச் சங்கிலி கட்டியிருக்கும். அநியாயம் செய்தவன் பேரைச் சொல்லி அதில் ஒரு பூட்டைப் பூட்டிவிட்டு வந்துவிட வேண்டும். பூட்டியவர் மனசு ஆறி, தன் கையால் திறக்கும்வரை அந்த ஆளை முனி விடமாட்டார். சௌந்திரம் அர்த்தநாரி பேரையும் சங்கத்தின் பேரையும் முழுசாகச் சொன்னாள். பதிவு எண்ணைக்கூட விடவில்லை. பூட்டை மாட்டி அமுக்கினாள். ஒரே அமுக்கு. பிடித்துக்கொண்டது. கோயில் கிணற்றடியில் குடத்தோடு நின்ற பெண்கள் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள்.

செய்தி எப்படிப் பரவியது என்று என்னைக் கேட்காதீர்கள். ஒன்பது மணிக்கெல்லாம் ஆபீசுக்குத் தெரிந்துவிட்டது. மத்தியானம் அர்த்தநாரிக்கு வலது தாடை வீங்க ஆரம்பித்தது. அவருக்கு அந்தப் பக்கத்தில் ஒரு சொத்தைப் பல் இருப்பது ஊருக்கே தெரியும். ஆனாலும் அவர் பல் வைத்தியரிடம் போகவில்லை; தாடைக்குத் துண்டைக் கட்டிக்கொண்டு, செல்லமுத்துவையும் கூட்டிக்கொண்டு, பொழுது சாய்கிற நேரத்தில் சௌந்திரம் வீட்டு வாசலுக்கு வந்தார். அத்தனை மனுக்களுக்கு அசையாத ஆபீஸ், ஒரு பூட்டுக்கு நடந்து வந்தது.

"அம்மிணி, தெறந்துருங்க. என்ன வேணும்னாலும் பேசிக்கலாம்."

"எனக்கு நாளைக்கு வாழப்பாடி போகோணும். அத்தோட செரிங்க."

"தாராளமாப் போங்க! தெறந்த கையோட அனுமதி எழுதித் தாரேன். மொதல்ல தெறங்க."

நம்பினாள். புதன்கிழமை முதல் பஸ்ஸைப் பிடிக்கத் துணிமணி எல்லாம் கட்டி எடுத்துக்கொண்டு, போகிற வழியில், கோயிலில் காத்திருந்த அர்த்தநாரி, செல்லமுத்து இருவர் முன்னாலும் சாவியைப் போட்டாள். திரும்பவில்லை. கொஞ்சம் பொறுத்துத் திருப்பினாள். திரும்பவில்லை. செல்லமுத்து குப்பியைச் சாய்த்தார். உள்ளே எண்ணெய் இல்லை. சாவித் தகரம் வந்தது. பக்கத்து ஊர்க் கொல்லர் வந்தார். முனி வாங்கிக்கொண்ட பூட்டில் அரம் போட மாட்டேன் என்று கும்பிட்டுவிட்டுப் போய்விட்டார்.

"நான் போய்ட்டு வந்து தெறக்கறனுங்க. கெஞ்சிக் கேக்கறேன், உடுங்க" என்றாள் சௌந்திரம்.

"அஞ்சு நிமிசம் அம்மிணி, இன்னொருக்கா" என்றார் அர்த்தநாரி. அனுமதிக் கடிதம் அவர் சட்டைப் பையில்தான் இருந்தது. வெளியே தெரிகிற மாதிரி வைத்திருந்தார். முதல் பஸ் போயிற்று. பத்து மணி பஸ் போயிற்று. ஐந்து ஐந்து நிமிஷமாக அன்றைய பொழுது முழுவதும் போயிற்று.

வியாழக்கிழமை காலையில், வாழப்பாடிச் சந்தைக்குப் போய்வருகிற வியாபாரி ஒருவர் சேதி கொண்டுவந்தார். புதன் ராத்திரி ராசாத்திக்கு அங்கேயே வலி கண்டு ஆண் குழந்தை பிறந்துவிட்டது. தாயும் பிள்ளையும் சுகம்.

சௌந்திரம் அழவில்லை. நூல் மூட்டை இரண்டையும் தறிக்காரர் வீட்டில் இறக்கிப் போட்டாள். கதவை வெறுமனே சாத்திவிட்டு பஸ் ஏறிவிட்டாள். அர்த்தநாரி பின்னாலேயே ஓடி, "நீங்க போய்ட்டு வாங்க அம்மிணி, ஊட்டை நான் பாத்துக்கறேன்!" என்றார். பார்த்துக்கொள்ளவும் செய்தார். பதினோரு நாள் அவள் வாசற்படியிலேயே உட்கார்ந்து, ஆபீஸ் கோப்புகளை அங்கேயே வரவழைத்துக் கையெழுத்துப் போட்டார். கஞ்சி அவர் வீட்டிலிருந்து தூக்குப்போசியில் வந்தது. உள்வாடகைச் சட்டம் உங்களுக்கு இல்லையா என்று ஒரு நாள் கேட்டேன். "இது ஆய்வு" என்றார்.

பன்னிரண்டாம் நாள் சௌந்திரம் திரும்பி வந்தாள். தனியாக வந்தாள். பெண்ணையும் பேரனையும் அனுப்ப அத்தாயி ஒப்பவில்லை. "பூட்டில்லாத ஊட்டுக்குப் பச்சப் புள்ளையத் தாட்டி உடறதா? பெத்தவ வந்து பக்கத்துல நிப்பான்னு அவ ராத்திரி பூரா வாசலப் பாத்துக் கத்துனா. அப்ப வராதவ இப்ப எதுக்கு?" என்று நாலு பேர் முன்னால் கேட்டிருக்கிறாள். ராசாத்தி முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டாளாம். இதை சௌந்திரம் என்னிடம் சொன்னபோது குரல் சாதாரணமாக இருந்தது.

அர்த்தநாரி கையெடுத்துக் கும்பிட்டார். சௌந்திரம் சாவியை எடுத்துக்கொண்டு கோயிலுக்கு நடந்தாள். பின்னால் அவர், அவருக்குப் பின்னால் செல்லமுத்து, அவருக்குப் பின்னால் தெரு.

சாவியைப் போட்டாள். திருப்பினாள். எண்ணெயில் நனைந்தது போல வழுக்கிக்கொண்டு திரும்பி, பூட்டு திறந்தது.

"பாத்தீங்களா!" என்று செல்லமுத்து பதிவேட்டைத் தட்டினார். "நான் எழுதுனதுல ஒரு எழுத்து தப்பா? நல்ல நெலமைல உள்ளது!"

அர்த்தநாரி தாடைத் துண்டை அவிழ்த்தார். அவிழ்த்த உடனே குரல் பழைய குரலாகிவிட்டது. "இதுக்குத்தான் அம்மிணி, சங்கத்து மேல நம்பிக்கை வெக்கோணும்ங்கறது. ஒரு நல்ல பூட்டை வீணாச் சந்தேகப்பட்டு, சாமியவும் சிரமப்படுத்தி, நிர்வாகத்தையும் பதினோரு நாள் ஸ்தம்பிக்க வெச்சுட்டீங்க. போகட்டும், சங்கம் மன்னிக்குது. 'புகாரை மனப்பூர்வமாகத் திரும்பப் பெறுகிறேன்'னு இதுல ஒரு கையெழுத்து மட்டும் போட்டுட்டு, பூட்டைக் கொண்டுபோய்க் கதவுல மாட்டிக்கங்க."

பைக்குள்ளிருந்து ஒரு படிவத்தை எடுத்து நீட்டினார். பச்சை நிறம். அந்த நிறத்தில் படிவம் உண்டென்று அன்றைக்குத்தான் எங்களுக்குத் தெரிந்தது.

சௌந்திரம் படிவத்தைப் பார்த்தாள். கையிலிருந்த பூட்டைப் பார்த்தாள்.

"நல்ல பூட்டுங்களா?"

"ஒண்ணாம் நம்பர் பூட்டு!" என்றார்கள் இருவரும்.

"அப்பச் செரிங்க. சாமிக்கே இருக்கட்டும்."

யாரும் கையைப் பிடிப்பதற்குள் பூட்டைச் சங்கிலியில் மாட்டி, அர்த்தநாரி பேரைச் சொல்லி, உள்ளங்கையால் ஓங்கி அமுக்கினாள். டக். இழுத்துப் பார்த்தாள். பிடித்திருந்தது. சாவியைக் கிணற்றில் போட்டாள். ஆடித் தண்ணீர் நிறையக் கிடந்தது. விழுந்த சத்தம்கூடச் சரியாகக் கேட்கவில்லை. திரும்பிப் பார்க்காமல் வீட்டுப் பக்கம் நடக்க ஆரம்பித்தாள்.

"அம்மிணி! அந்தச் சாவி சங்கத்துச் சொத்து!" என்று அர்த்தநாரி கத்தினார். கத்திக்கொண்டிருக்கும்போதே அவர் கை தாடைக்குப் போனது.